புளியும் திராட்சையும் சேரும் இடம்

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் விண்டாலுவுக்காகப் பன்றிக்கறி ஊறத் தொடங்கிவிடும். காய்ந்த மிளகாய், சீரகம், கடுகு, மிளகு, மஞ்சள், அவற்றோடு கை நிறையப் பூண்டு. அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் வினிகர். கொழுப்போடு வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றிலும் படும்படி அந்தச் சிவந்த விழுதைப் பிசறி, பீங்கான் பாத்திரத்தில் மூடி வைத்துவிடுவார்கள். காலையில் மூடியைத் திறந்தால் பூண்டும் புளிப்பும் கலந்த நெடி மூக்கில் ஏறும். விழுதை வழித்துவிட்டுப் பார்த்தால், கறியின் மேற்புறம் வெளிறி, அரைவேக்காடுபோல் லேசாக இறுகியிருக்கும். இத்தனைக்கும் கறி இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

அதே நாட்களில், மேற்கே ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலின் மதீராத் தீவிலும் பன்றிக்கறி ஊறிக்கொண்டிருக்கும். அங்கே மிளகாய் விழுது கிடையாது. பூண்டு, பிரிஞ்சி இலை வகை ஒன்று, அவற்றோடு ஒயினோ ஒயின் வினிகரோ. அதுவும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கான சமையல்தான். மதீராவின் அந்தப் பதார்த்தமும் பரங்கிமலையின் விண்டாலுவும் ஒரே குடும்பம் என்பதை உணவு வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். போர்ச்சுகீசியக் கப்பல்களோடு கோவாவுக்கு வந்த சமையல்முறை, அங்கே மிளகாயையும் மசாலாவையும் சேர்த்துக்கொண்டு இந்தியா முழுவதும் பரவியது.

போர்ச்சுகீசியர் மயிலாப்பூர்க் கடற்கரையில் குடியேறியது 1520-களில். பரங்கிமலை உச்சியில் உள்ள தேவாலயத்தின் தொடக்கம் 1523 என்றும், சின்னமலைத் தேவாலயம் 1551-இல் எழுந்தது என்றும் சொல்லப்படுகிறது. 1662-இல் கோல்கொண்டாப் படை அந்தக் கரையின் சாந்தோமைக் கைப்பற்றியதும் போர்ச்சுகீசியர் செல்வாக்கு சரிந்தது. பிறகு ஆங்கிலேயரின் சென்னைப் பீரங்கிப்படை பரங்கிமலையைத் தலைமையிடமாக்கியது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. படையிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த கலப்பு மரபுக் குடும்பங்கள் இந்த ரயில் பாதையை ஒட்டியே வீடு கட்டி வாழ்ந்தன. அவர்கள் சமையலறையில் பூண்டும் புளிப்பும் நிலைத்தன. ஒயின் மட்டும் வழியில் நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் வானிலை. திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும் பயிர். சென்னையில் அந்தக் குளிர் இல்லை. கப்பலில் வந்த சாதாரண ஒயினோ வெப்பத்தில் புளித்துக் கெட்டது. எனவே கறியை ஊறவைக்கும் வேலை வேறு புளிப்புகளின் கைக்குப் போனது. போர்ச்சுகலில் எந்த வட்டாரத்து ஒயின் எந்த உணவுக்குப் பொருந்துகிறது, தமிழ்நாட்டுச் சாப்பாட்டோடு அது எங்கே ஒத்துப்போகும், எங்கே முரண்டுபிடிக்கும் என்பதையெல்லாம் விளக்கும் திறவுகோல் இந்தப் புளிப்புதான்.

சர்க்கரை, சாராயம், காடி

இனிப்பான எந்தச் சாறும் திறந்து கிடந்தால் ஒரே பாதையில்தான் போகும். முதலில் ஈஸ்ட் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். அடுத்து, காற்று பட்டால் அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா அந்த எத்தனாலை அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடும். அதுதான் வினிகர், பழைய தமிழில் காடி.

ஜி.எஸ்.டி. சாலையோரம் கோடைக்காலத்தில் விற்கும் பதநீர் இந்தப் பாதையில் கால் வைக்காமல் தடுக்கப்பட்ட சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவைத்தால் சாறு காரத்தன்மை அடைகிறது. ஈஸ்ட் பெருக முடிவதில்லை. சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் கள். கள்ளை மேலும் விட்டுவைத்தால் வினிகர். கோவாவில் தென்னங்கள்ளிலிருந்து இறக்கிய வினிகர்தான் விண்டாலுவில் ஒயினின் இடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. பரங்கிமலை வீடுகளில் இன்று ஊற்றுவது கடையில் வாங்கும் வினிகர்தான்.

எந்த வினிகரானாலும் கறிக்குள் செய்யும் வேலை மாறுவதில்லை. அமிலம் இறைச்சியின் புரதச் சுருள்களை அவிழ்த்து மறுபடி பின்னவைக்கிறது. வெந்ததுபோல் மேற்புறம் வெளிறுவது அதனால்தான். கெடுக்கும் பாக்டீரியாக்களையும் அது அடக்குகிறது. அசிட்டிக் அமிலத்தின் சிதையாத மூலக்கூறுகள் பாக்டீரியாவின் சவ்வை ஊடுருவி உள்ளே போய், அங்கே பிரிந்து அமிலத்தன்மையைக் கூட்டிவிடும். அந்த அமிலத்தை வெளியேற்றவே பாக்டீரியா தன் ஆற்றலைச் செலவழித்துச் சோர்ந்துபோகும். பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியாது. ஒயினின் பி.எச். பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில்தான். குளிர்ப்பெட்டி இல்லாத நூற்றாண்டுகளில் ஒயினில் கறியை ஊறவைத்த மாலுமிகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கறி கெடவில்லை என்பது தெரியும்.

மழைக்கு ஒரு ஒயின், வெயிலுக்கு ஒரு ஒயின்

திராட்சையில் முக்கிய அமிலங்கள் இரண்டு: டார்டாரிக், மாலிக். பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசவைப்பது மாலிக் அமிலம். பழம் பழுக்கும்போது கொடி தன் சுவாசத்துக்கு மாலிக் அமிலத்தை எரிக்கிறது. வெப்பம் கூடினால் எரிவதும் கூடும். இரவுகூட அனலாக இருந்தால் மாலிக் அமிலம் வேகமாகக் கரைந்துபோகும். டார்டாரிக் அமிலத்தின் போக்கு வேறு. வெப்பம் அதை எளிதில் அசைப்பதில்லை. எந்த மண்ணில் விளைந்த ஒயின் எவ்வளவு புளிக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான்.

போர்ச்சுகல் தமிழ்நாட்டைவிடச் சிறிய நாடு. ஆனால் வடமேற்கு மூலைக்கும் தெற்குச் சமவெளிக்கும் வானிலையில் பெரும் வேறுபாடு. வடமேற்கில் மின்யு வட்டாரம்: அட்லாண்டிக் மழை கொட்டும் பசுமையான நிலம், கருங்கல் மண். அங்கே விளைவது வின்யு வெர்து என்னும் மெல்லிய ஒயின். ஆல்கஹால் குறைவு, புளிப்பு தூக்கல், நாக்கில் லேசாகக் குத்தும் வாயுக் குமிழ். அதை அந்த ஊரார் கரியில் சுட்ட மத்தி மீனோடு குடிக்கிறார்கள். எண்ணெய்ப் பசை மிகுந்த மத்தி, எலுமிச்சை பிழிந்தால் எப்படித் தேறுமோ அப்படி இந்த ஒயினோடு தேறுகிறது.

பக்கால்யாவு என்னும் காட் மீன் கருவாடும் அதோடு சேர்ந்துகொள்ளும். நார்வே, நியூஃபவுண்ட்லாந்து கடல்களில் பிடித்து, உப்பிட்டு உலர்த்திய மீன் அது. சமைக்குமுன் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் போட்டு உப்பெடுக்க வேண்டும். எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் உப்பு தங்கும். அந்த உப்பு ஒயினுக்கு நல்லது. 1997-இல் பிரெஸ்லின், போஷாம்ப் என்னும் இரு ஆய்வாளர்கள் உப்பு நாக்கில் கசப்பை அடக்குகிறது என்றும், அதனால் மற்ற சுவைகள் மேலெழுகின்றன என்றும் காட்டினார்கள். கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காயின் கசப்பு தெரியாமல் போவதும் அந்த விதிப்படிதான்.

இன்னும் தெற்கே பைராடா. அங்கே பாகா என்னும் கருந்திராட்சை, டானின் மிகுந்தது. டானின் என்பது பச்சை வாழைக்காயிலும் நாவல் பழத்திலும் நாக்கை இழுக்கும் துவர்ப்புப் பொருள். எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொண்டு படிவதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. பைராடாவின் புகழ்பெற்ற உணவு பால்குடி மாறாத பன்றிக்குட்டி ரோஸ்ட்: மொறுமொறு தோலுக்கு அடியில் கொழுப்பு உருகி ஒழுகும். கொழுப்பும் புரதமும் வாயில் இருக்கும்போது டானின் அவற்றோடு பிணைந்துகொள்ளும், நாக்கை விட்டுவிடும். அதே ஊரில் குமிழ் ததும்பும் ஸ்பார்க்ளிங் ஒயினையும் இந்த ரோஸ்ட்டோடு பரிமாறுகிறார்கள். ஒன்று துவர்ப்பால், இன்னொன்று புளிப்பாலும் வாயுவாலும், வாயில் படிந்த கொழுப்பைச் சமாளிக்கிறது.

தெற்கே அலென்டேஜு. கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சமவெளி, கார்க் மரக் காடுகள். உலகின் கார்க்கில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலில் உரிக்கப்படுகிறது. அதில் பெரும்பங்கு இந்த வட்டாரத்துடையது. வெயிலில் பழுத்த திராட்சைக்குச் சர்க்கரை கூடுதல், மாலிக் அமிலம் குறைவு. ஒயின் கனமாக, ஆல்கஹால் ஏறியிருக்கும். ரோமானியர் காலத்து முறைப்படி ஆளுயர மண்பானைகளில் நொதிக்கவைத்து, நவம்பர் 11-இல் புனித மார்ட்டின் திருநாளன்று திறக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அங்கே அதற்குத் துணை, கார்க் மரக்காட்டின் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுத்த கருப்புப் பன்றியின் இறைச்சி.

இப்படிச் சேர்ந்த சோடிகளை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஒரே மழையும் ஒரே வெயிலும் திராட்சையையும் மேய்ச்சலையும் வளர்த்தன. பல தலைமுறைகளாக ஒரே மேசையில் இருந்ததால், பொருந்தாதவை கழிந்து பொருந்தியவை தங்கின.

புளியங்கொட்டையைச் சுற்றி ஒரு ரசாயனம்

இந்தக் கதைக்குள் தமிழ்ச் சமையலறை நேராக நுழையும் வாசல் டார்டாரிக் அமிலம். தாவர உலகில் இதைப் பெருமளவில் சேர்த்துவைக்கும் பழங்கள் மிகச் சில. ஒன்று திராட்சை; இன்னொன்று புளி. பழுத்த எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம், மாங்காயின் புளிப்பில் சிட்ரிக்கும் மாலிக்கும் உண்டு, தயிரின் புளிப்பு லாக்டிக். புளியின் புளிப்பு மட்டும் ஒயினின் புளிப்பே. புளியின் சதையில் 8 முதல் 18 சதவீதம்வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது. சர்க்கரை அதைவிடக் கூடுதலாகவே இருந்தும், பழம் முற்றிக் காய்ந்த பிறகும் புளிப்பு தணிவதில்லை. பழுக்கும்போது இந்த அமிலம் எரிந்து போகாததே காரணம்.

ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே 1769-இல் இதைத் தனியே பிரித்தெடுத்தது, ஒயின் பீப்பாயின் உட்சுவரில் படியும் உப்பிலிருந்து. 1848-இல் இளைஞர் லூயி பாஸ்டர் இதே அமிலத்தின் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்து, இடக்கை, வலக்கை என இரு வடிவங்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். மூலக்கூறுகளுக்கு இடம்–வலம் உண்டு என்னும் அறிவு அங்கே பிறந்தது. திராட்சை இந்த அமிலத்தை எப்படிச் செய்கிறது என்பது 2006-இல்தான் மரபணு அளவில் தெளிவானது. டிபோல்ட், குக், ஃபோர்டு ஆகியோர் கொடி வைட்டமின் சி-யை உடைத்து டார்டாரிக் அமிலம் ஆக்கும் பாதையில் உள்ள நொதி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

புளிக்கும் திராட்சைக்கும் உள்ள இந்த உறவு தொல்லியலாளர்களுக்கும் ஒரு சிக்கல். பழைய பானை ஓட்டில் டார்டாரிக் அமிலம் கிடைத்தால் அதில் ஒயின் இருந்தது என்று மேற்கே கருதுவது வழக்கம். இந்தியாவில் அந்த முடிவுக்கு அவசரமாக வந்துவிட முடியாது. பானையில் இருந்தது புளிக்கரைசலாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டு மேசையில் இதன் விளைவு உடனே தெரியும். வத்தக்குழம்பு சாப்பிட்ட வாயில் சாதாரண ஒயினை ஒரு மடக்கு குடித்தால் சப்பென்றிருக்கும். நாக்கு பலமான புளிப்புக்குப் பழகிவிட்டால், அடுத்து வரும் மெல்லிய புளிப்பு அதற்கு உறைப்பதில்லை. ஒயினிலிருந்து புளிப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஆல்கஹாலின் எரிவும் கொஞ்சம் கசப்பும்தான். எனவே உணவைவிட ஒயின் புளிப்பாக இருக்க வேண்டும் என்பது உணவோடு ஒயினைப் பொருத்தும் கலையின் முதல் விதி. அலென்டேஜுவின் கனமான சிவப்பு ஒயின் புளிக்குழம்புக்கு முன் தோற்றுப்போகும். மின்யுவின் ஒயின் ஓரளவு தாக்குப்பிடிக்கும். முழுதாக ஈடுகொடுப்பது மதீரா.

நிலநடுக்கோட்டைக் கடந்த பீப்பாய்

18-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் பல, வழியில் மதீராவில் நின்று ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கும்போது ஒருமுறை, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னைக்கு ஏறும்போது ஒருமுறை என்று நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். பல மாதப் பயணம். கப்பலின் அடித்தளத்தில் சூடேறி, ஆடி, பீப்பாய்ப் பலகையின் இடுக்கு வழியே காற்றைச் சுவாசித்துக்கொண்டே ஒயின் வந்தது. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தார்கள்.

வேறு ஒயினாக இருந்தால் இந்தப் பயணத்தில் கெட்டிருக்கும். மதீரா மேம்பட்டது. இந்தியாவரை போய்த் திரும்பிய பீப்பாய்களுக்கு லண்டனில் தனிப் பெயரும் கூடுதல் விலையும் கிடைத்தன. லிஸ்பனுக்குத் தெற்கே உள்ள செட்டூபாலின் இனிப்பு ஒயினுக்கும் இதே அனுபவம் உண்டு. கடைசியில் தீவிலேயே கப்பலின் வெப்பத்தை உண்டாக்கிவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூட்டறைகள் வந்தன. இன்றைய முறையில் ஒயினை 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த ரகங்களைப் பீப்பாயில் ஊற்றி, ஓட்டுக் கூரைக்கு அடியில் வெயில் காயும் பரண்களில் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

வெப்பம் ஒயினுக்குப் பகை என்பது பாடம். மதீரா அதிலிருந்து தப்பியது இரண்டு காரணங்களால். நொதித்தலின் நடுவில் ஸ்பிரிட் சேர்த்து ஆல்கஹாலை 17 முதல் 22 சதவீதம்வரை உயர்த்துவதால் வினிகர் பாக்டீரியா பிழைக்க முடியாது. எரிமலை மண்ணும் மலைச்சரிவின் குளிர்ந்த காற்றும் திராட்சையில் அமிலத்தைத் தக்கவைப்பதால், எத்தனை இனிப்பாக இருந்தாலும் திகட்டுவதில்லை. செர்சியால், வெர்தெல்யு, புவால், மால்வசியா என்று குறைந்த இனிப்பிலிருந்து கூடிய இனிப்புக்கு நான்கு படிகள்; நான்கிலும் அந்தப் புளிப்பு அடிநாதமாக ஓடும்.

நீண்ட வெப்பத்திலும் ஆக்சிஜனேற்றத்திலும் மதீராவில் பிறக்கும் மணப்பொருள்களில் முக்கியமானது சோடோலோன். லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஒயினுக்கு வயது கூடக் கூட அதன் அளவும் ஏறும்.

சோடோலோனை முகர்ந்து பார்க்க மதீராவுக்குப் போக வேண்டியதில்லை. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் எந்த மளிகைக் கடையிலும் அது கிடைக்கும், வெந்தயமாக. வெந்தயத்தின் மணத்துக்கு அடையாளம் தருவது இதே மூலக்கூறுதான். புளிக்குழம்புக்குத் தாளிக்கும்போது கடுகு வெடித்து அடங்கியதும் வெந்தயம் விழும். மஞ்சள் பொன்னிறமாகி, பொன்னிறம் செம்பழுப்பாகும் அந்த ஓரிரு நொடிகளில் காய்ச்சிய வெல்லத்தையும் வறுத்த கொட்டையையும் நினைவூட்டும் ஒரு மணம் எழும். இன்னும் கொஞ்சம் விட்டால் கசந்துவிடும். ஒயின் சுவைஞர்கள் பழைய மதீராவுக்குச் சொல்லும் வர்ணனையும் ஏறக்குறைய இதுவே.

இந்த மணத்தின் வலிமைக்கு நியூயார்க் நகரம் சாட்சி. 2005 முதல் அங்கே அவ்வப்போது நகர் முழுக்க மேப்பிள் பாகின் வாசனை வீசியது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மக்கள் அவசர உதவி எண்களை அழைத்தார்கள். 2009-இல் நகர நிர்வாகம் மூலத்தைக் கண்டறிந்தது: பக்கத்து நியூஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்திய தொழிற்சாலை.

ஆக, வெந்தயம் மணக்கும் புளிக்குழம்பில் டார்டாரிக் அமிலமும் சோடோலோனும் ஒருசேர இருக்கின்றன. மதீராவிலும் இந்த இரண்டும் ஒருசேர இருக்கின்றன. உலகின் இரு கோடிகளில் இரண்டு சமூகங்கள் ஒரே புளிப்பையும் ஒரே மணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கின்றன.

மிளகாயும் மீனும் போடும் தடை

பொருத்தம் இதோடு முடிந்துவிடவில்லை. மதீராவின் சமையலில் இல்லாத ஒன்று விண்டாலுவில் இருக்கிறது. மிளகாயின் காரம் சுவையே அல்ல, வலி. நாவின் நரம்புகளில் டி.ஆர்.பி.வி.1 என்னும் வாயில் உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மிளகாயின் கேப்சைசின் அதே வாயிலைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. 1997-இல் இதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

2002-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் தலைமையில் வெளிவந்த ஆய்வு ஒன்று, எத்தனாலும் இந்த வாயிலைத் தொடுகிறது என்று காட்டியது. ஆல்கஹால் பட்டால் அந்த வாயில் திறக்கும் வெப்பநிலை சுமார் 34 டிகிரிக்கு இறங்குகிறது. அதாவது உடலின் சாதாரணச் சூடே சுடுவதுபோல் தோன்றும். கார விண்டாலுவோடு கனமான சிவப்பு ஒயின் குடித்தால் வாய் பற்றி எரிவதன் விளக்கம் இது. டானின் அந்த எரிச்சலை இன்னும் கூட்டிவிடும். காரத்துக்கு இதம் இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும்தான். பால், மோர், தயிர் இன்னும் மேல். அவற்றின் புரதம் கேப்சைசினைப் பிடித்துக் கழுவிவிடும். ஆல்கஹாலின் தீங்கையும் இங்கே மறைக்க முடியாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. பொருத்தத்தின் அறிவியல் சுவாரசியமானது. அது குடிப்பதற்கான பரிந்துரை ஆகாது.

மீனில் வேறொரு தடை. சிவப்பு ஒயினோடு மீன் தின்றால் சில சமயம் வாயில் கவிச்சை நின்றுவிடும். டானின்தான் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். 2009-இல் ஜப்பானில் தமுராவும் குழுவினரும் பல ஒயின்களை ஸ்காலப் சிப்பியோடு சோதித்துப் பார்த்தார்கள். கவிச்சை ஏறியது இரும்புச் சத்து மிகுந்த ஒயின்களில்தான். இரும்பைக் கட்டிப்போடும் வேதிப்பொருளைச் சேர்த்ததும் கவிச்சை அடங்கியது. மீன் கொழுப்பை இரும்பு சிதைத்து, வாடை வீசும் சேர்மங்களை உண்டாக்குகிறது. மின்யு மக்கள் மத்தியோடு வெள்ளை ஒயினைச் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாகப் பொருந்துகிறது. வெள்ளை ஒயின்களிலும் இரும்பு கூடினால் கவிச்சை வரும், நிறம் தீர்மானிப்பதில்லை.

பன்னீர் திராட்சையின் தாய்

விண்டாலு ஊறும் அதே வீடுகளில் டிசம்பருக்குள் இன்னொரு வேலை முடிந்திருக்கும். சில வாரங்களுக்கு முன்பே பீங்கான் ஜாடியில் பன்னீர் திராட்சையை நசுக்கி, சர்க்கரையும் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்து, ஒரு கை கோதுமையும் போட்டு, துணியால் வேடு கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறிவிடுவார்கள். கோதுமை ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் உணவு. கிளறுவது மேலே மிதக்கும் தோல்களை மூழ்கடித்து நிறத்தையும் மணத்தையும் இறக்க. வடிகட்டி எடுத்தால் கருஞ்சிவப்பில் கிறிஸ்துமஸ் ஒயின்; பிளம் கேக்கோடு சின்னக் கோப்பையில் வரும்.

அந்தத் திராட்சை தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்த ரகத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாவரவியலில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணு ஆய்வு இதன் பெற்றோரைச் சொல்லிவிட்டது: ஒன்று ஸ்கியாவா குரோசா, மற்றொன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. இரண்டாவது திராட்சையிலிருந்துதான் செட்டூபாலின் மஸ்கட்டெல் ஒயின் பிழியப்படுகிறது, நிலநடுக்கோட்டைக் கடந்து மேம்பட்ட அதே ஒயின். பன்னீர் வாசனையைத் தருபவை லினாலூல், ஜெரானியால் என்னும் டெர்பீன்கள். ரோஜாவின் வாசனையிலும் அவற்றுக்குப் பங்குண்டு. பெற்ற செடியிடமிருந்தே அவை பிள்ளைக்கு வந்தன.

கம்பத்தில் குளிர்கால உறக்கம் இல்லாததால், கவாத்து வெட்டும் நாளை மாற்றி மாற்றி ஆண்டில் ஒருமுறைக்கு மேல் அறுவடை செய்கிறார்கள். வெப்பம் மாலிக் அமிலத்தைத் தின்றுவிடும் நிலத்தில், இனிப்பு ஏறும்வரை காத்திருப்பதா, புளிப்பு போகுமுன் பறிப்பதா என்பதே கேள்வி. இதே கேள்வி இப்போது ஐரோப்பாவுக்கும் வந்துவிட்டது. கோடை கடுமையாகும்போது திராட்சையில் சர்க்கரை முந்திக்கொள்கிறது, அமிலம் பின்தங்குகிறது. பல இடங்களில் அறுவடை நாள் முன்னே நகர்ந்துவிட்டது. வெப்பமான வட்டாரங்களில் பிழிந்த சாற்றில் டார்டாரிக் அமிலத்தைத் தூளாகவே சேர்க்கிறார்கள்.

பிரான்சின் போர்டோ வட்டாரம் தன் திராட்சை ரகங்களை மாற்ற எளிதில் இசைவதில்லை. அங்கேயே 2021-இல் வெப்பத்தைச் சமாளிக்க ஆறு புதிய ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றில் இரண்டு போர்ச்சுகலில் பெயர்பெற்றவை: டோரு பள்ளத்தாக்கின் வெயிலைத் தாங்கும் தூரிகா நசியோனால், மின்யுவின் மழையிலும் புளிப்பு மாறாத அல்வரின்யு. தோட்டத்தின் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் இந்தப் புதிய ரகங்களை நடக்கூடாது, ஒயின் கலவையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு அவை அங்கே வேர்விடத் தொடங்கியுள்ளன.